விசுவமடுவில் பிடித்த அந்துப்பூச்சிகள்

பேராதனை
20.10.1996

அன்புள்ள பிரியந்தினிக்கு,

ஐயாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வராத அண்ணனுக்கு இனி எழுதுவதில்லை என்று நீ சொன்னதாக அம்மா எழுதியிருந்தார். பரீட்சை, பாதை, பயண அனுமதிப் பாஸ் என்று நான் அடுக்கிய காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனாலும் ஒரு மகன் சொல்லக்கூடிய காரணங்கள் அல்ல. அதற்காக நீ என்னைத் திட்டியே ஆகவேண்டும். திட்டி எழுது, ஆனால் எழுது.

இன்று ஓர் உதவி கேட்கத்தான் உட்கார்ந்தேன். கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. என் இறுதியாண்டு ஆய்வுக்கு அந்துப்பூச்சிகளை எடுத்திருக்கிறேன். இந்தத் தீவில் வண்ணத்துப்பூச்சிகள் இருநூற்றுச் சொச்ச இனம்தான், அந்துப்பூச்சிகளோ ஆயிரக்கணக்கில். எங்கள் ஆய்வுகூடத்து அலுமாரிகளில் கண்டி, இரத்தினபுரி, திருகோணமலை என்று எழுதிய பெட்டிகள் அடுக்கடுக்காய் இருக்கின்றன. வன்னி என்று ஒரு பெட்டிகூட இல்லை. எங்கள் பேராசிரியர் சிங்களவர், நல்ல மனிதர். "உன் ஊரிலிருந்து கொஞ்சம் கிடைத்தாலே இது புதிய வேலை" என்கிறார். ஆய்வு சரிவந்தால் இங்கேயே உதவி விரிவுரையாளராக எடுப்பார்கள். எடுத்தால் உன்னையும் அம்மாவையும் கண்டிக்குக் கூப்பிட்டுவிடுவேன். அதற்காகவாவது செய்வாயா?

பொழுதுபட்டதும் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி முன்னால் விளக்கு வை. வந்து குந்துவதைப் போத்தலால் மூடிப் பிடி. இறந்தபின் சிறகுகளை முதுகின்மேல் சேர்த்து, முக்கோணமாக மடித்த கடதாசிக்குள் வை. எறும்பு வராமல் இரண்டு கற்பூரக்கட்டி போடு. கடதாசியின் வெளிப்புறத்தில் எழுது: இடம், திகதி, நேரம், என்ன வெளிச்சம், காற்று எந்தப் பக்கம். இடம் என்றால் வெறுமனே விசுவமடு என்று எழுதாதே. குளக்கட்டிலிருந்து எந்தத் திசை, எத்தனை யார், அதாவது எத்தனை கெஜம் தூரம் என்று எழுது. இந்த விபரம் இல்லாவிட்டால் அது செத்த பூச்சி, வேறொன்றும் இல்லை.

அம்மாவின் நெஞ்சுநோவு எப்படி?

அண்ணா
நிரோஜன்


விசுவமடு
14.11.1996

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது எங்கள் வளவில் மூன்று குடும்பம். சண்டையால் கிளிநொச்சி முழுக்க இந்தப் பக்கம் வந்து இறங்கியிருக்கிறது. மாமரத்தின் கீழே ஒரு தறப்பாள், மாட்டுக்கொட்டிலில் ஒரு குடும்பம், விறாந்தையில் இன்னொன்று. நான் தொண்டர் ஆசிரியையாகப் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்திலும் ஆட்கள் இருப்பதால் பிள்ளைகளுக்குப் பாலை மரத்தின் கீழேதான் வகுப்பு. இந்த நேரத்தில் எங்கள் துரை பூச்சி கேட்கிறார். மண்ணெண்ணெயை நாங்கள் மருந்துபோலத் துளித்துளியாய்ப் பாவிக்கிறோம் என்பது கண்டிக்குத் தெரியாதோ?

கடிதத்தை அடுப்பில் போட்டிருப்பேன். அம்மாதான் தடுத்தார். "அவன் வேலை எடுத்தால்தானே பிள்ளை எங்களைக் கூப்பிடுவான்? ரெண்டு பூச்சி பிடிச்சுக் குடுத்தால் உனக்கென்ன குறைஞ்சுபோகுது?" என்றார்.

சரி, செய்தேன். வெள்ளைத் துணிக்கு ஐயாவின் வேட்டி. விளக்குக்கு ஜாம்போத்தல், அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் எண்ணெய், நூல் திரி. அந்த வெளிச்சத்தில் மனிதர் முகமே தெரியாது, பூச்சிக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் இருக்கும் சுடலைமுத்து அண்ணை வந்து பார்த்துவிட்டு, "என்னாம்மா, வேட்டியில படம் காட்டுறீங்களா?" என்று சிரித்தார். முத்தண்ணையை மறந்திருக்கமாட்டீர்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தில் அடிபட்டு இங்கே வந்தவர், ஐயாவோடு வயல் செய்தவர். ஐயாவின் பாடையில் நீங்கள் தோள் கொடுக்கவேண்டிய இடத்தில் தோள் கொடுத்தவரும் அவர்தான். திட்டச் சொன்னீர்களே, திட்டிவிட்டேன்.

பிறகு வந்தன அண்ணா. முதலில் மழை ஈசல். அதற்குப் பின் சாம்பல் நிறம், காய்ந்த இலை நிறம், பச்சைக் கரையோடு வெள்ளை, உள்செட்டையில் மட்டும் மஞ்சளை ஒளித்துவைத்த ஒன்று. சாணகத்தில் மினுக்கம் பூசியதுபோல ஒரு குட்டிப்பூச்சி. இதெல்லாம் எங்கள் வளவிலேயே இருந்ததா? கோபத்தோடுதான் தொடங்கினேன். முடிக்கும்போது கோபத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. ஆனால் அது இன்னும் தீரவில்லை, நினைவிருக்கட்டும்.

ஒரு கேள்வி. பட்டப்பகலில் நாயுண்ணிப் பூவில் கறுப்பும் வெள்ளையுமாய் ஒன்று ஆறுதலாக, அவசரமில்லாமல் பறக்கிறது. கழுத்துச் செம்மஞ்சள். வண்ணத்துப்பூச்சி என்று பிடித்தேன். குந்தும்போது செட்டையைப் பாய்போல விரித்துவைக்கிறது. இதை எந்தப் பக்கம் சேர்ப்பது?

கொப்பித்தாளைக் கிழிக்க மனம் வரவில்லை. பிள்ளைகளுக்கே காணாது. இங்கே அச்சாகும் பத்திரிகையைத்தான் மடித்தேன். கொஞ்சத்தை இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன். வவுனியாவுக்குப் போகும் ஒரு தாதி கொண்டுபோய்த் தபாலில் போடுவார்.

பிரியந்தினி


பேராதனை
8.12.1996

அன்புள்ள தங்கச்சி,

திட்டு கிடைத்தது. பூச்சிகள் கிடைக்கவில்லை. தபாலில் நசுங்கி, உறையைத் திறந்தபோது பொடிதான் கொட்டியது. ஆனால் அந்தக் கறுப்பு வெள்ளைக்காரி தப்பிவிட்டாள். அவளைப் பூதக்கண்ணாடி வில்லையின் கீழே வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

நிறத்தையும் நேரத்தையும் நம்பாதே. எல்லாரும் அதில்தான் ஏமாறுவார்கள். பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகள் உண்டு. மங்கல் நிறத்தில், பொழுதுபடும் நேரம் துள்ளித்திரியும் வண்ணத்துப்பூச்சிகளும் உண்டு. முதலில் உணர்கொம்பின் நுனியைப் பார். வண்ணத்துப்பூச்சிக்கு அது தீக்குச்சி மருந்துபோலத் தடித்திருக்கும். அந்துப்பூச்சிக்கு நூலாக இருக்கும், அல்லது சீப்புப் பல்லாக இருக்கும். பிறகு பின்சிறகின் அடியைப் பார். அந்துப்பூச்சிகள் பெரும்பாலானவற்றில் அங்கே ஒரு நுண்ணிய முள் இருக்கும். அது முன்சிறகில் கொளுவி, இரண்டையும் ஒன்றாக அடிக்கவைக்கும். உன்னுடையதில் இரண்டும் தெளிவாக இருக்கின்றன. பகலில் திரிந்தாலும் அவள் அந்துதான். பறவைகள் தின்னாத கசப்பான வண்ணத்துப்பூச்சிகளின் வேடத்தைப் போட்டுக்கொண்டு பயமில்லாமல் திரிகிறாள். அவளை எந்தக் குடும்பத்தில் வைப்பது என்று பேராசிரியருக்கும் எனக்கும் இன்றுவரை வாக்குவாதம். இன்னும் நான்கைந்து கிடைத்தால் முடிவு தெரியும்.

ஆகவே இன்னும் பிடி. தபாலில் வேண்டாம், நம்பிக்கையான ஆள் யாராவது இந்தப்பக்கம் வந்தால் கையில் கொடுத்துவிடு. உன் எழுத்து மணிமணியாக இருக்கிறது, திசையும் தூரமும் நான் கேட்டபடியே இருக்கின்றன. மடிப்பும் நல்ல மடிப்பு. அப்படியே செய்.

அண்ணா


விசுவமடு
9.1.1997

அன்புள்ள அண்ணா,

ஆள் கிடைத்துவிட்டார். முத்தண்ணையின் தங்கை மகளுக்குத் தை மாதம் கல்யாணம், கண்டிக்கு மேலே ஒரு தோட்டத்தில். தாய்மாமன் போய்ச் சீர் வைக்காமல் அவர்களிடம் தாலி ஏறாதாம். பாஸ் எடுத்து, புதுச் சேலையும் மாலையும் வாங்கி, தலைமயிர் வெட்டி, அவர்தான் மாப்பிள்ளைபோல இருக்கிறார். அவர் மனைவி பேச்சியக்கா, "இவரு போற ஷோக்கப் பாத்தா திரும்பி வரமாட்டாரு போல" என்று பகிடி விடுகிறார்.

போகும் வழியில் உங்களிடம் பெட்டியைத் தருவார். பிஸ்கட் தகரப்பெட்டிக்குள் முக்கோணங்களை நிறுத்தி அடுக்கியிருக்கிறேன். வண்ணத்துப்பூச்சிகள் மேலே, அந்துகள் கீழே, நடுவில் கற்பூரம். கறுப்பு வெள்ளைக்காரிகள் தனியாக ஒரு மூலையில். எல்லாவற்றிலும் இடம், திசை, தூரம், நேரம், காற்று எழுதியிருக்கிறேன். ஒன்றிலும் குறை பிடிக்க உங்களால் முடியாது.

அம்மா எள்ளுருண்டை தந்துவிடுகிறார். முத்தண்ணைக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்புங்கள்.

பிரியா


பேராதனை
2.2.1997

அன்புள்ள பிரியா,

முத்தண்ணை இன்னும் வரவில்லை. நேரே கல்யாணத்துக்குப் போய்விட்டார் என்று நினைத்து, அந்தத் தோட்டத்துக்கு ஆளனுப்பிக் கேட்டேன். அங்கும் வரவில்லை. தாய்மாமனுக்காகக் கல்யாணத்தைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். கிளம்பவே இல்லையா? உடனே எழுது.

அண்ணா


விசுவமடு
20.2.1997

அண்ணா,

முத்தண்ணையைப் பிடித்துவைத்திருக்கிறார்கள்.

சைக்கிளில் கடைச்சாமான் கட்டிவரும் சிற்றம்பலம் அண்ணை அன்றைக்கு அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர். வவுனியாவில் மறிபட்டு நின்று இப்போதுதான் திரும்பிவந்து சொன்னார். ஆமிச் சாவடியில் தகரப்பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். ஒரு பெடியன் முக்கோணத்தைப் பிரிக்க, செட்டைப் பொடி அவன் விரலில் ஒட்டியிருக்கிறது. அவன் பயந்து கையை உதறிவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டிருக்கிறான். அதன்பிறகு கடதாசியைப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பத்திரிகை, அவர்களுக்கு அது இயக்கப் பத்திரிகை. அதன்பிறகு எழுத்தைப் பார்த்திருக்கிறார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவன் சத்தமாக வாசித்தானாம்: குளக்கட்டிலிருந்து வடக்கே நானூறு யார், இரவு எட்டு மணி, விளக்கு ஒன்று, காற்று கிழக்கிலிருந்து.

"பூச்சிக்கு எதுக்குத் திசை?" என்று கேட்டிருக்கிறார்கள். முத்தண்ணைக்கு என்ன தெரியும்? "எனக்குத் தெரியாதுங்க, தம்பி படிப்புக்குக் கேட்டுச்சு" என்றே திரும்பத் திரும்பச் சொன்னாராம். எந்தத் தம்பி என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லையாம். ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வவுனியாவில் ஒரு முகாமில் இருக்கிறார் என்பதுவரை தெரியும்.

அந்தப் பத்திரிகையில் மடிக்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இங்கே அதில்தான் சீனி சுற்றுகிறார்கள், வடை சுற்றுகிறார்கள். நீங்களும் மடிப்பைப் பார்த்தீர்கள், கடதாசியைப் பார்க்கவில்லை.

அண்ணா, நீங்கள் போய் இவை என் பூச்சிகள் என்று சொல்லவேண்டும். வேறு யார் சொன்னாலும் அவர்களுக்கு விளங்காது.

பிரியா


பேராதனை
12.3.1997

அன்புள்ள பிரியா,

உன் கடிதத்தை வாசித்தபின் சாப்பிட முடியவில்லை. பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதி, முத்திரை குத்தி, அந்த முகாமுக்குப் பதிவுத்தபாலில் அனுப்பியிருக்கிறார். பூச்சி சேகரிக்கும் முறையே இதுதான், திசையும் நேரமும் உலகம் முழுக்க இப்படித்தான் எழுதுவார்கள் என்று படம் வரைந்து விளக்கியிருக்கிறார். அது போதும் என்றுதான் அவரும் நினைக்கிறார். பதில் வரட்டும்.

நான் நேரே போவது பற்றி: என் அடையாள அட்டையில் கிளிநொச்சி என்று இருக்கிறது. போன மாதம் எங்கள் விடுதிக்குப் பொலிசார் வந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒருவன் இன்னும் வரவில்லை. ஆய்வை வைகாசிக்குள் கொடுக்கவேண்டும். நான் உள்ளே போய்விட்டால் வேலையும் இல்லை, உங்களைக் கூப்பிடுவதும் இல்லை. இதையெல்லாம் நினைத்துப்பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. கொஞ்சம் பொறு.

அண்ணா


விசுவமடு
30.3.1997

அண்ணாவுக்கு,

பொறுத்தேன். பதில் வந்ததா? வராது. கடிதத்தை ஒரு கோப்புக் கோவையில் போட்டுவைப்பார்கள், முத்தண்ணையை ஓர் அறையில் போட்டுவைப்பார்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள், கோபித்தாலும் பரவாயில்லை. அந்தப் பெட்டியை எங்கள் பெரியமாமா கொண்டுவந்து பிடிபட்டிருந்தால் பேராசிரியரின் முத்திரையை நம்பிக்கொண்டு கண்டியில் இருப்பீர்களா? அடுத்த பஸ் ஏறியிருப்பீர்கள். தோட்டத்து ஆள் என்றபடியால் பதில் வரட்டும் என்கிறீர்கள். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஊரும் இதைத்தான் நினைக்கிறது. வாய்விட்டுச் சொல்லாதது பேச்சியக்கா மட்டும்தான்.

அவர் ஒவ்வொரு நாளும் படலையடியில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். நேற்று இப்படிச் சொன்னார்: "அண்ணனுக்குப் படிப்பு வேலை இருக்கும் டீச்சரம்மா. போக முடியலன்னா சொல்லிடுங்க, நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன். ஆனா இவரு வரமாட்டாருன்னு தெரிஞ்சா நான் பாதையப் பாக்காம இருப்பேன்ல." நான் உள்ளே போய் அழுதேன். அம்மாவும் அழுதார். பேச்சியக்கா மட்டும் அழவில்லை.

முக்கோணங்களில் எழுதினவள் நான். நான்தான் போகவேண்டும். இங்கே என் வயதுக்காரருக்கு இப்போது பாஸ் கிடையாது, மூன்றுதரம் கேட்டுவிட்டேன். அம்மா போய் உணர்கொம்பையும் முள்ளையும் காட்டுவாரா? அந்தப் பெட்டிக்குள் இருப்பதைத் தெரிந்தவர் பாதைக்கு அந்தப்பக்கம் ஒருவர்தான் இருக்கிறார்.

பிரியந்தினி


பேராதனை
18.4.1997

அன்புள்ள பிரியா,

பெரியமாமாவாக இருந்திருந்தால் போயிருப்பேன். இதை ஒத்துக்கொள்ள எனக்கு இத்தனை நாள் பிடித்தது.

வரும் திங்கட்கிழமை போகிறேன். பேராசிரியர் தன் காரில் வவுனியாவரை வருகிறேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். ஊசி குத்திய பூச்சிகள் உள்ள ஒரு பெட்டியும் வில்லையும் கொண்டுபோகிறேன். அவர்கள் எடுத்துவைத்திருக்கும் பூச்சிகளில் எதைத் தூக்கித் தந்தாலும் என்னால் வகை சொல்ல முடியும், அதுதான் ஒரே தைரியம். மற்றபடி பயமாகத்தான் இருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

பேச்சியக்காவிடம் பாதையைப் பார்க்கச் சொல்.

அண்ணா


விசுவமடு
8.5.1997
(பேராசிரியர் மூலமாக)

அன்புள்ள அண்ணா,

முத்தண்ணை வந்துவிட்டார். இதை உங்களுக்குத்தான் முதலில் எழுதியிருக்கவேண்டும், ஆனால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாமல் எழுதுகிறேன்.

மெலிந்துபோனார். ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. ஏன் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நடந்ததை மட்டும் அவர் வாயால் சொன்னார்.

"தம்பி வந்து பெட்டிய மேசையில வெச்சிச்சு. நீங்களே ரெண்டு எடுத்துக் குடுங்க சார், நா பிரிச்சுச் சொல்றேன்னுச்சு. பெரியவரு ஒண்ணு குடுத்தாரு, வண்ணாத்திப்பூச்சின்னுச்சு. இன்னொண்ணு குடுத்தாரு, இது பகல்ல பறக்கும், ஆனா அந்துன்னுச்சு. கண்ணாடிய வாங்கி அவரே பாத்தாரு. முள்ளப் பாத்துட்டு சிரிச்சாரு. எனக்கு உசிரு வந்திச்சு. அப்பறந்தான் கேட்டாரு, இத எழுதுனது யாருன்னு. தம்பி, நாந்தான்னுச்சு. எழுதிக் காட்டுன்னாரு. எழுதுச்சு. ரெண்டு எழுத்தும் ஒண்ணா இல்லம்மா. பேரச் சொல்லிடு தம்பின்னு நா கண்ணால சொன்னேன். சொல்லல. என்னைய அன்னிக்கே விட்டுட்டாங்க. தம்பிய உள்ள கூட்டிட்டுப் போனாங்க. பெரிய வாத்தியாரு வெளியில கார்லயே உக்காந்திருந்தாரு, பாவம்."

ஏன் பொய் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கோவையில் என் பெயர் ஏறினால் நான் ஒருநாளும் அந்தப் பாதையால் வரமுடியாது. சாவடியில் பெயரைப் பார்த்ததும் பிடிப்பார்கள். நான் வருவதற்கு வழி இருக்கட்டும் என்று நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். நான்தான் உங்களைப் போகச்சொல்லித் துரத்தினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைக்கிறேன். அடுத்த நிமிடம் வாய்க்காலுக்கு அப்பால் பேச்சியக்காவின் சத்தம் கேட்கிறது. எதை நினைப்பதென்று தெரியவில்லை அண்ணா.

ஒன்று தெரியும். பேராசிரியருக்குத் தனியாக ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். அந்த எழுத்து என்னுடையது, அண்ணா கேட்டதற்காக நான் பிடித்தவை, நான் எழுதியவை என்று என் முழுப்பெயர், விலாசத்தோடு எழுதியிருக்கிறேன். ஒத்துப்பார்க்க வசதியாக முக்கோணங்களில் எழுதியதையும் அப்படியே திரும்ப எழுதியிருக்கிறேன். உங்களுக்காக ஒரு சட்டத்தரணியை வைத்து அவரிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மாவும் வாசித்தார். கையொப்பம் போடும்போது பக்கத்தில்தான் இருந்தார்.

பாதையை மூடப்போகிறார்கள் என்ற கதை அடிபடுகிறது. புளியங்குளத்துப் பக்கம் ஆட்கள் சண்டைக்குப் பயந்து வெளிக்கிடத் தொடங்கிவிட்டார்கள். நாளைக்கே இது போகவேண்டும்.

பிரியா


செஞ்சிலுவைச் சங்கத் தகவல் தாள்
(குடும்பச் செய்திகள் மட்டும்)
11.8.1997

அம்மாவுக்கும் பிரியாவுக்கும்,

நலமாக இருக்கிறேன். சாப்பாடு தருகிறார்கள். அடிக்கவில்லை, அம்மா நம்பவேண்டும். பேராசிரியர் இரண்டுதரம் வந்து பார்த்தார். பிரியா அனுப்பியதைக் கொடுக்கவேண்டாம் என்று அவரிடம் கெஞ்சினேன். கொடுத்துவிட்டேன் என்றார். பிரியா, உன்னில் எனக்குச் சரியான கோபம். அம்மா மருந்தை ஒழுங்காக எடுக்கவேண்டும்.

நிரோஜன்


பேராதனை
3.12.1997

அன்புள்ள பிரியா,

போன வாரம் விட்டுவிட்டார்கள். உன் எழுத்தை ஒத்துப்பார்த்து, பேராசிரியரையும் விசாரித்து, வழக்கில்லை என்று முடித்தார்கள். முத்தண்ணையின் தங்கை மகளுக்கும் கல்யாணம் நடந்துவிட்டது. மாமன் வரமுடியாத குறைக்கு, சீர்ச் சேலையை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாவடியில் பறித்ததை அல்ல, வேறொன்று. முத்தண்ணைக்குச் சொல்.

வெளியே வரும்போது சட்டத்தரணி சொன்னார். என் பெயர் கோவையிலிருந்து போகும். உன் பெயர் போகாது. வன்னியிலிருந்து எழுதியவள் என்று அது அங்கேயே இருக்கும். பாதை திறந்தாலும் நீ வராதே பிரியா. தயவுசெய்து வராதே. நானும் வரமுடியாது. இப்போது கனகராயன்குளத்துப் பக்கமெல்லாம் சண்டை என்று கேள்விப்படுகிறேன். வேலை எடுத்து உங்களைக் கூப்பிடுகிறேன் என்று எழுதிய என் கையை என்ன செய்வது? அம்மாவை மட்டுமாவது மன்னார்ப் பக்கத்தால் அனுப்ப முடியுமா என்று பார்.

பெட்டியைத் திருப்பித் தந்தார்கள். கடதாசிகள் அவர்களுக்கு ஆதாரம், பூச்சிகள் குப்பை. ஆகவே பிரித்துவிட்டார்கள். தகரத்துக்குள் எல்லாம் ஒரே குவியல். எது குளக்கட்டில் பிடித்தது, எது வளவில், எது மழைக்கு முன், எது பின் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் குவியலைக் கொட்டி, உணர்கொம்பு முழுதாக இருந்ததையெல்லாம் பிரித்தேன். வண்ணத்துப்பூச்சி கொஞ்சம், அந்துகள் நிறைய. கறுப்பு வெள்ளைக்காரிகளில் மூன்று உருப்படியாக இருந்தன. அவர்கள் குடும்பத்தைப் பற்றிய வாக்குவாதத்தில் பேராசிரியர்தான் சரி. தவணை நீட்டிக் கிடைத்த ஆய்வில் இவற்றைச் சேர்க்கலாம், இடம் என்பதில் வன்னி என்று மட்டும் எழுதலாம் என்கிறார்.

சேகரித்தவர் பெயர் எழுதவும் ஓர் இடம் இருக்கிறது. அங்கே 'உள்ளூர்வாசி ஒருவர்' என்று போடுவது உனக்குப் பாதுகாப்பு என்கிறார் அவர். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. உன்னைக் கேட்காமல் செய்யமாட்டேன்.

அண்ணா


விசுவமடு
26.1.1998

அன்புள்ள அண்ணா,

நீங்கள் வெளியில் வந்த செய்தியை வாசித்ததும் அம்மா கடிதத்தை வாங்கிச் சாமிப்படத்தடியில் வைத்துவிட்டார். மிச்சத்தை வாசிக்க நான் அவரிடம் கெஞ்சி வாங்கவேண்டியிருந்தது. முத்தண்ணை சேலைக் கதையைக் கேட்டு, பேச்சியக்காவிடம் மூன்றுதரம் சொல்லச் சொல்லிக் கேட்டார், அந்தக் காதுக்காக.

அம்மா வரமாட்டாராம். "அவனுக்குப் படிச்ச ஆக்கள் இருக்கினம். இவளுக்கு ஆர் இருக்கினம்?" என்கிறார். நான் எவ்வளவோ சொன்னேன். பெட்டியில் இரண்டு சேலை அடுக்கிவைத்துப் பிறகு திரும்ப எடுத்துவிட்டார். இனிக் கேட்காதீர்கள், அவருக்குத் தாங்காது.

நான் வரமுடியாது என்பதைக் கையொப்பம் போடும்போதே தெரிந்துதான் போட்டேன். தெரியாமல் செய்தேன் என்று நினைத்து நீங்கள் உங்களை வருத்தவேண்டாம். இரவில் சில நேரம் அழுகை வரும். காலையில் பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆகவே எழும்பிவிடுவேன். உங்களைப் பார்க்கவேண்டும்போல இருக்கிறது அண்ணா. அவ்வளவுதான், அதைச் சுற்றிவளைத்து எழுத எனக்குத் தெரியாது.

உள்ளூர்வாசி ஒருவர் என்று எழுதவேண்டாம். யோகநாதன் பிரியந்தினி என்று முழுதாக எழுதுங்கள். அதற்குக் கீழே, கொண்டுவந்தவர் சுடலைமுத்து என்றும் எழுதுங்கள். அப்படி ஓர் இடம் இல்லாவிட்டால் ஒன்றை உண்டாக்குங்கள். முத்தண்ணையிடம் கேட்டுவிட்டேன், "போடச் சொல்லுங்கம்மா" என்றார். தடுக்கிறவர்களிடம் எங்கள் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. இனிப் படிக்கிறவர்களிடமும் இருக்கட்டும்.

தங்கச்சி
பிரியந்தினி